சிறுநீரகத்துக்கு வாய்க்கால் வெட்டியது யார்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் உத்திரமேரூர் கடைத்தெருவில் கறி வாங்க நின்றால், எலும்பு வெட்டும் சத்தத்துக்கு நடுவில் கடைக்காரர் குரல் கொடுப்பார்: “கிட்னி போடட்டுமா சார்? ரெண்டே ரெண்டுதான் இருக்கு.” வயதானவர்கள் இன்னும் குண்டிக்காய் என்றே கேட்டு வாங்குகிறார்கள். போன மாதம் நானும் ஒன்று வாங்கினேன். குழம்புக்கு அல்ல, அறுத்துப் பார்க்க. “கொழுப்பை எடுக்காதீங்க, குழாயெல்லாம் நீளமா விட்டுக் குடுங்க” என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காசு மட்டும் குறைக்கவில்லை.

வீட்டில் கொழுப்பை விரலால் வழித்து எடுத்தேன். அவரை விதை போல வளைந்த அந்தக் காயின் உள்வளைவில் மூன்று குழாய்கள். தொளதொளவென்று படிந்து கிடந்தது சிரை. வெட்டிய பிறகும் வாய் மூடாமல் வட்டமாக, வெள்ளையாக நின்றது தமனி. மூன்றாவது சிறுநீர்க்குழாய். தமனியின் வாயில் ஊசி கழற்றிய சிரிஞ்சை வைத்து முதலில் வெதுவெதுப்பான தண்ணீரையும் பிறகு பேனா மையையும் ஏற்றினேன். அப்புறம் நெடுக்குவாட்டில் பிளந்தேன். நடுப்பகுதியில் மை வெறும் கீற்றுகளாக இருந்தது. வெளிவிளிம்பில், அரை விரல் அகலப் பட்டையில், திட்டுத் திட்டாக நீலம். கைக்கண்ணாடியை அதன்மேல் பிடித்தால் திட்டு கலைந்து புள்ளிகளாகிவிடுகிறது. ரவையை நீலத்தில் நனைத்துத் தூவியது போல அத்தனை புள்ளிகள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. இத்தாலியின் மார்செல்லோ மல்பீகி 1666இலேயே இதே வேலையைச் செய்து, தமனிக் கிளைகளில் ஆப்பிள் பழங்கள் தொங்குவது போல இருக்கிறது என்று எழுதிவிட்டார். அந்தப் பழம்தான் பள்ளிப் புத்தகத்தில் வரும் கிளாமருலஸ்: ரத்தத் தந்துகிகள் நூற்கண்டு போலச் சுருண்ட ஒரு கொத்து. மனிதச் சிறுநீரகம் ஒன்றில் சராசரியாகப் பத்து லட்சம் கொத்துகள் உண்டு. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து முந்நூறு கிராம் எடை தேறினால் அதிகம். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல், இவற்றுக்குத்தான் போகிறது. நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகிறது. ஒன்றரை லிட்டர் தவிர மீதி முழுவதையும் உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. உடம்பின் மற்ற இடங்களில் பெரும்பாலும் தமனி தந்துகியாகப் பிரியும், தந்துகி கூடிச் சிரையாகும், கதை முடிந்தது. இங்கே தந்துகிக் கொத்திலிருந்து வெளியே வருவது மறுபடியும் ஒரு நுண்தமனி. அது போய் இரண்டாவது முறையாகத் தந்துகிகளாகப் பிரிந்து சிறுநீர் நுண்குழல்களைச் சுற்றிக்கொள்கிறது. மதகில் அளந்து விட்ட தண்ணீர், கழனியில் மறுபடி பிரிந்து பாய்கிற மாதிரி. இத்தனை நுணுக்கமான பாசனத்தைக் கருப்பைக்குள், சில மாதங்களில், யார் வெட்டினார்கள் என்பதுதான் என் கேள்வி.

கேள்வியை இந்த ஊரை வைத்தே கேட்டால் விளங்கும். உத்திரமேரூர் என்றதும் மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் குடவோலையைத் தொடுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில் தேர்தல் முறையோடு கூடவே ஏரி வாரியமும் வருகிறது. அதைச் சொல்கிறவர்கள் குறைவு. வாரியத்தின் பொறுப்பில் இருந்த ஏரி பல்லவர் காலத்தது, பெயர் வைரமேக தடாகம். இன்றும் ஊர்க்காரர்கள் பெரிய ஏரி என்கிறார்களே, அதுதான். அதற்குத் தண்ணீர் இரண்டு வழியில் வருகிறது. சுற்றுவட்டத்தில் பெய்யும் மழை ஓடிவந்து சேர்வது ஒன்று. செய்யாற்றில் அனுமந்தண்டலம் அணைக்கட்டிலிருந்து கால் வழியாக வருவது இன்னொன்று. பாலாற்றுப் பக்கம் போனால் மூன்றாவதாக ஊற்றுக்காலும் உண்டு: ஆற்று மணலைத் தோண்டி, அங்கேயே ஊறுகிற நீரை வாய்க்காலில் விடுவார்கள். ஆக, ஒரு வாய்க்காலில் தண்ணீரைப் பார்த்துவிட்டு இது ஆற்றிலிருந்து வெட்டி வந்ததா, உள்ளூரிலேயே ஊறியதா என்று கேட்பது இங்கே அர்த்தமுள்ள கேள்வி. சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களைப் பற்றி உயிரியலாளர்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டியதும் இதே கேள்வியைத்தான்.

கரு உருவாகி ஐந்தாவது வாரத்தில், இடுப்புக்குழிப் பக்கம், ஒரு குழாயிலிருந்து சின்ன மொட்டு முளைக்கிறது. பக்கத்தில் உருவம் இல்லாத ஒரு திசுத்திட்டு காத்திருக்கும். மொட்டு அதற்குள் புகுந்து இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும், முருங்கை கிளைப்பது போலக் கிளைத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு கிளை நுனியிலும் திசு திரண்டு ஒரு நெஃப்ரான், அதாவது தந்துகிக் கொத்தும் நுண்குழலும் சேர்ந்த ஒரு வடிகட்டி, ஆகும். வேலை நடக்கும்போதே சிறுநீரகம் இடம் பெயர்கிறது. ஆறாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள் இடுப்புக்குழியிலிருந்து மேலேறி, விலா எலும்புக்குக் கீழே வந்து சேர்ந்துவிடும்.

ஏறுகிற சிறுநீரகம் கீழே விட்டுவந்த தமனியையே இழுத்துக்கொண்டு வருவதில்லை. இடுப்பில் இருந்தபோது இடுப்புத் தமனியிலிருந்து ரத்தம் வாங்கியது. சற்று மேலே வந்ததும் பெருந்தமனியிலிருந்து புதிய கிளை. இன்னும் மேலே வந்ததும் இன்னொன்று. பழைய கிளைகள் சுருங்கி மறைந்துவிடும். வாடகை வீடு மாறும்போது பழைய வீட்டு மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போவது மாதிரி. துண்டிக்க மறந்தவையும் உண்டு! ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு, ஏதாவது ஒரு பக்கத்துச் சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமனி இருக்கிறது. நோய் ஒன்றும் இல்லை. ஆயுள் முழுக்கத் தெரியாமலேயே இருந்துவிடலாம்.

மாற்றுச் சிறுநீரக அறுவை செய்கிறவர்களுக்கு மட்டும் இது தலைவலி. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுக்கும்போது, எத்தனை தமனி இருந்தாலும் பெருந்தமனியின் ஒரு துண்டோடு சேர்த்து எடுத்து, அந்தத் துண்டை அப்படியே வைத்துத் தைத்துவிடலாம். உயிரோடு இருக்கும் தாயோ கணவரோ தரும்போது அவர்களுடைய பெருந்தமனியில் கை வைக்க முடியுமா? ஒவ்வொரு தமனியையும் தனித்தனியே ஒட்டவேண்டும். அதனால்தான் தானம் தருகிறவருக்குக் கத்தி வைக்கும் முன் சி.டி. ஆஞ்சியோ எடுத்துத் தமனிகளை எண்ணிவிடுகிறார்கள். எட்டாவது வாரத்துக் கருவில் மறையாமல் போன ஒரு கிளை, நாற்பது வருடம் கழித்து அறுவை மேசையில் மருத்துவரின் நேரத்தைத் தின்கிறது.

பெரிய தமனிகள் பெருந்தமனியிலிருந்து வந்தவை என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை எல்லாம் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் பற்றித்தான்.

கருவின் சிறுநீரக மொட்டைக் கிண்ணத்தில் வளர்த்தால் நுண்குழல்கள் அழகாக உருவாகின்றன. கிளாமருலஸ் ஆகவேண்டிய இடத்தில் தந்துகி மட்டும் வருவதில்லை. அப்படியென்றால் ரத்தக்குழாய் வெளியிலிருந்து நுழைகிறது என்று நினைப்பது இயல்பு. 1983இல் ஹெல்சிங்கியில் லௌரி சாக்சேன் குழுவைச் சேர்ந்த ஹன்னு சாரியோலா முதலியோர் இதைச் சோதித்த விதம் எனக்குப் பிடித்தமானது. எலியின் சிறுநீரக மொட்டை எடுத்து, அடைகாக்கும் காடை முட்டைக்குள் ரத்தக்குழாய் நிறைந்த சவ்வின்மேல் ஒட்டினார்கள். காடைச் செல்லின் உட்கருவில் அடர்ந்த கரும்புள்ளி இருக்கும். எலிச் செல்லில் இருக்காது. உட்கருவுக்குச் சாயம் ஏற்றினால் எது யாருடையது என்று நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். வளர்ந்த சிறுநீரகத்தை நறுக்கிப் பார்த்தபோது நுண்குழல்கள் எலியுடையவை, தந்துகிகள் காடையுடையவை. ஆற்றிலிருந்து கால் வெட்டி வந்த கட்சி வென்றது.

வெற்றி பதின்மூன்று வருடம் நின்றது. 1996இல் அமெரிக்காவில் டேல் ஏப்ரஹாம்சன் குழு, பன்னிரண்டு நாள் வயதுள்ள எலிக்கருவின் சிறுநீரகத்தை, வளர்ந்த எலியின் கண்ணுக்குள், விழித்திரைக்கு வெகு முன்னால் இருக்கும் நீர் அறையில் வைத்தது. கண் எதற்கு? அங்கே ஒட்டினால் உடனே பிடித்துக்கொள்ளும். அந்த வளர்ந்த எலியின் செல்கள் மட்டும் நீலச் சாயம் ஏற்கும்படி மரபணு மாற்றப்பட்டவை. ரத்தக்குழாய் வெளியிலிருந்து வந்திருந்தால் தந்துகிக் கொத்துகள் நீலமாக இருக்கவேண்டும். கொத்துகள் உருவாகின, ஆனால் அவற்றில் நீலம் அநேகமாக இல்லை. ஒட்டிய திசுவே தன் ரத்தக்குழாய்ச் செல்களைக் கையோடு கொண்டு வந்திருந்தது. இப்போது ஊற்றுக்கட்சிக்கு வெற்றி.

இரண்டு சோதனையும் சரிதான் என்பது பின்னால் புரிந்தது. கிண்ணத்தில் தந்துகி வராததற்குக் காரணம் விதை இல்லாதது அல்ல, சூழ்நிலை ஒத்துவராதது. அந்தத் திசுவுக்குள் ரத்தக்குழாய் ஆகப்போகும் செல்கள் முன்கூட்டியே அங்கங்கே இருக்கின்றன. அதே சமயம் வெளிக்குழாய்களும் மிகச் சீக்கிரமே நுழைகின்றன. 2017இல் எடின்பரோவில் டேவிட் மன்ரோவும் ஜேமி டேவிஸும் எலிக்கருவின் சிறுநீரகத்தை முப்பரிமாணத்தில் படமெடுத்தார்கள். ஒவ்வொரு கிளை நுனியையும் சுற்றி ஒரு வளையமாக ரத்தக்குழாய் வலை இருக்கிறது. நுனி இரண்டாகப் பிரிந்தால் வளையமும் இரண்டாகிறது. வயலில் புதிய வரப்பு போட்டவுடன் புதிய கால் கூடவே ஓடுகிற கணக்கு. இன்றைய நிலையில், வெளியிலிருந்து வரும் வலையின் பங்கே பெரிது, உள்ளூர்ச் செல்கள் அதில் இணைகின்றன என்பதே என் வாசிப்பு. பெரிய ஏரிக்குத் தண்ணீர் வருவதும் இப்படித்தானே, ஒரே வழியில் அல்ல.

சரி, ரத்தக்குழாய்களைக் கூப்பிடுவது யார்? பதில் கேட்கச் சாதாரணமாக இருக்கும்: மூச்சுமுட்டல். வேகமாக வளரும் திசுவில் ஆக்சிஜன் குறையும். குறைந்ததும் செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும். அது ரத்தக்குழாய்ச் செல்களுக்கு அழைப்பு. 1997இல் ஆல்டா டூஃப்ரோ இதைக் கிண்ணத்தில் காட்டினார். சாதாரணக் காற்றில் இருக்கும் 20 சதவீத ஆக்சிஜனில் வளர்த்த எலிச் சிறுநீரகத்தைவிட, 3 சதவீதத்தில் வளர்த்ததில் ரத்தக்குழாய்ச் செல்கள் ஏராளம். முன்னால் கிண்ணத்தில் தோற்றவர்கள் குழந்தைக்குக் காற்று அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள்! கருப்பைக்குள் ஆக்சிஜன் எப்போதும் மட்டுதான்.

கூப்பிட்ட பிறகு நடப்பதை ஒரே ஒரு நெஃப்ரானில் கிட்டப்போய்ப் பார்க்கலாம். திரண்ட திசு முதலில் ஒரு உருண்டை, பிறகு கமா, பிறகு எஸ் எழுத்து போல வளைந்த ஒரு உடல். எஸ்ஸின் கீழ் வளைவில் ஒரு சந்து. அந்தச் சந்தின் ஓரச் சுவரில் இருப்பவை பிற்பாடு தந்துகியைப் போர்த்தி வடிகட்டும் போடோசைட் ஆகப்போகும் செல்கள், வி.இ.ஜி.எஃப். சுரப்பவை அவைதான். வாசனை பிடித்த எறும்பு போல ரத்தக்குழாய்ச் செல்கள் வரிசையாகச் சந்துக்குள் நுழைகின்றன. இந்த நிலையில் அது குழாய்கூட இல்லை, துளையில்லாத ஒரு திரி. திரியில் சில செல்கள் தாமாகவே மடிந்து வழிவிட, நடுவில் துளை திறக்கிறது, ரத்தம் ஓடுகிறது. இப்போது ஒரே ஒரு வளையம். அது பல வளையமாகவேண்டும்.

அதற்கு இன்னொரு அழைப்பு வேண்டும், இந்த முறை எதிர்த்திசையில். உள்ளே வந்த ரத்தக்குழாய்ச் செல்கள் பி.டி.ஜி.எஃப்.-பி என்ற புரதத்தைச் சுரந்து மெசாஞ்சியல் செல்களை வரவழைக்கின்றன. இவை வளையத்தின் நடுவே புகுந்து, மாலை கட்டுகிறவர் நாரை இழுத்து முடிச்சுப் போடுவது போல, அதைப் பல மடிப்புகளாக இழுத்துக் கட்டுகின்றன. இந்தப் புரதம் இல்லாத எலிகளில் என்ன ஆயிற்று என்பது 1994லேயே தெரியும். கொத்து உருவாகவே இல்லை. நெஃப்ரானின் குழிந்த முனைக்குள் ஊதிப்போன ஒரே பலூன், அதற்குள் ரத்தம். நூற்கண்டு வேண்டிய இடத்தில் பலூன் இருந்தால் வடிகட்ட ஏது பரப்பு?

கட்டி முடித்தால் அழைப்பு ஓய்ந்துவிடும் என்று நினைப்போம். ஓய்வதில்லை. போடோசைட் ஆயுள் முழுக்க வி.இ.ஜி.எஃப். சுரந்துகொண்டே இருக்கிறது, எதிர்ப்பக்கத் தந்துகியின் உடல்நலம் அதை நம்பியிருக்கிறது. இதை நிறுவிய ஆய்வு 2003 மார்ச்சில் ஒரு மருத்துவ ஆய்விதழில் வந்தது. டொரன்டோவில் சூசன் குவாகின் குழு, எலியின் போடோசைட்டில் மட்டும் இந்தப் புரதத்தைப் பாதியாகக் குறைத்தது. தந்துகிச் செல்கள் வீங்கின, சிறுநீரில் புரதம் கசிந்தது.

அதே இதழில், அதற்கு முந்தைய பக்கங்களில், இன்னொரு கட்டுரை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எஸ். அனந்த் கருமாஞ்சியின் குழு எழுதியது. கர்ப்பகாலத்தில் சில பெண்களுக்கு பிரஷர் ஏறி, கால் வீங்கி, சிறுநீரில் புரதம் போகுமே, முன்சூல்வலிப்பு என்று பாடநூல் சொல்லும் அந்த நோய்க்கு நஞ்சுக்கொடியிலிருந்து கிளம்பும் ஒரு பொருளைக் குற்றவாளியாகப் பிடித்தது இந்தக் கட்டுரை. அதன் பெயர் எஸ்-ஃப்ளிட்-1. அது ரத்தத்தில் திரிந்து வி.இ.ஜி.எஃப்.-ஐப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். கர்ப்பமான எலிக்கு அதைக் கொடுத்தபோது பிரஷர் ஏறியது, புரதம் கசிந்தது, தந்துகிச் செல்கள் வீங்கின. ஒருவர் சிறுநீரகம் எப்படி உருவாகிறது என்று தேடினார், இன்னொருவர் தாய்மார்கள் ஏன் சாகிறார்கள் என்று தேடினார். இரண்டு பேரும் போய் நின்றது ஒரே தந்துகியின் முன். இந்தப் பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு 2023இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா கர்ப்பிணிகளின் பிரஷர் பார்த்து, யூரினில் “உப்பு போகுதா” என்று பார்ப்பது சடங்கு இல்லை. அவர் உப்பு என்று சொல்வது புரதத்தைத்தான். வீங்கிய தந்துகியைக் கத்தியில்லாமல் எட்டிப் பார்க்கும் வழி அது.

பிறந்த பிறகு புதிய நெஃப்ரான் கிடையாது. முப்பத்தாறாவது வாரத்தோடு கணக்கு மூடப்படுகிறது; மொத்தத்தில் பாதிக்கு மேல் உருவாவது கடைசி மூன்று மாதத்தில். இருக்கும் எண்ணிக்கையும் ஆளுக்கு ஆள் மாறும்: ஒருவருக்குச் சிறுநீரகத்துக்கு இரண்டு லட்சம், இன்னொருவருக்கு இருபது லட்சத்துக்கும் மேல். அமெரிக்காவில் மைக்கேல் ஹியூசன் குழு பிரேதங்களில் கொத்துகளை எண்ணி, பிறப்பு எடையில் ஒரு கிலோ கூடினால் ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் கொத்துகள் கூடுகின்றன என்று கணக்கிட்டது. அதுவும் 2003தான். எடை குறைந்து பிறந்தவருக்குச் சிறுநீரகம் கெட்டே தீரும் என்று இதற்கு அர்த்தமில்லை. கைவசம் சேமிப்பு குறைவு, அவ்வளவுதான். சர்க்கரையும் பிரஷரும் வந்தால் முதலில் கரைவது அந்தச் சேமிப்பு.

ஆய்வகத்தில் புதிதாகச் செய்துகொள்ளலாமே என்பவர்களுக்கு: 2015இல் மெல்பர்னில் மெலிசா லிட்டில் குழு மனித ஸ்டெம் செல்லிலிருந்து சிறுநீரக உருண்டைகளை வளர்த்துக் காட்டியது. நெஃப்ரான் எல்லாம் வந்தது. ரத்தம் ஓடத்தான் வழியில்லை. எலிக்குள் பதித்தால் எலியின் ரத்தக்குழாய்கள் நுழைகின்றன. சில்லுக்குள் திரவத்தை ஓடவிட்டால் குழாய்கள் தடிக்கின்றன. இன்னும் ஏரி ஆகவில்லை, குட்டைதான்.

கடைசியாக ஒரு விஷயம், இது வீட்டு அலமாரி வரைக்கும் வருவது. ரெனின் என்ற பொருள் பிரஷரைக் கட்டுப்படுத்துவது என்று படித்திருப்போம். பெரியவர்களிடம் அதைச் சுரக்கும் செல்கள் கொத்தின் வாசலில் மட்டும் உட்கார்ந்திருக்கும். கருவில் அப்படியில்லை; சிறுநீரகத் தமனிகளின் நீளம் முழுக்கப் பரவியிருக்கும். தமனி கிளைவிடுவதற்கும் சுவர் ஒழுங்காக அமைவதற்கும் அந்த ரெனின்-ஆஞ்சியோடென்சின் ஏற்பாடு வேண்டும். அதை மரபணுவில் நீக்கிய எலிகளில் தமனிச் சுவர் தடித்து, கிளைகள் குறைந்துபோகின்றன. இதே ஏற்பாட்டை அடக்கித்தான் எனலாப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்ற பிரஷர் மாத்திரைகள் வேலை செய்கின்றன. பெரியவர்களின் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிற நல்ல மாத்திரைகள். கர்ப்பத்தின் நான்காவது மாதத்துக்குப் பிறகும் தாய் இவற்றைச் சாப்பிட்டால் சிசுவின் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும், சிறுநீர் நின்றுபோகும். பனிக்குட நீர் பெரும்பாலும் சிசுவின் சிறுநீர்தான். ஸ்கேனில் “தண்ணி குறைவா இருக்கு” என்பார்கள். நீர் குறைந்தால் நுரையீரலும் விரியாது.

ஆகவே உங்கள் வீட்டில் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடும் பெண் யாராவது கர்ப்பமாகத் திட்டமிட்டாலோ, நாள் தள்ளிப்போனாலோ, மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம், தானாகத் தொடரவும் வேண்டாம். அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு அந்த வாரமே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று கர்ப்பகாலத்தில் டாக்டர்கள் தரும் மாற்று மாத்திரைகள் இருக்கின்றன.